முள் விழுந்த பின்னேரம்

கொழும்பு மெரின் டிரைவில், பம்பலப்பிட்டி ஸ்டேஷனுக்குக் கிட்ட, ஒரு செவ்வாய்க்கிழமைப் பின்னேரம் என் காரின் ஒயில் பிரஷர் கேஜில் முள் விழுந்தது. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய்விட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். (நாங்கள் சைவம்தான். கொழும்பில் செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போக அது ஒரு தடையில்லை.) பக்கத்தில் மனைவி, பின் இருக்கையில் மாமி. 55இல் நின்ற முள் ஒருதரம் நடுங்கியது. பிறகு 40. பிறகு 20. கண்ணை றோட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்ப வருவதற்குள் அது அடியில் படுத்துக் கிடந்தது. ஸ்பீடோமீற்றர் வட்டத்துக்குள் இருக்கிற சின்ன ஒயில் விளக்கும் பற்றிக்கொண்டது.

எஞ்சினை அந்த நொடியே நிறுத்திவிட்டு, உருளுகிற வேகத்தில் ஓரம் கட்ட வேண்டும். அதைச் சரியாகச் செய்தேன். அதற்குப் பிறகு செய்ததுதான் மடத்தனம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கார் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. 948 சி.சி. எஞ்சின். அப்பா வாங்கியபோதே அது மூன்றாவது கை. நம்பர் தகட்டில் எண்களுக்கு நடுவே இன்னும் அந்தச் சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கிறது. 1957, 58இல் அந்த எழுத்துக்கு எதிராக வடக்கில் தார் பூசி நடந்த போராட்டத்தைப் பார்த்த மனுஷன், கடைசியில் ஸ்ரீ போட்ட காரையே வாங்கி முப்பது வருடம் ஓட்டினார். யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். ஒரு காலத்தில் இந்த ஊரில் டாக்சி என்றாலே மைனரும் ஒஸ்ரினும்தான். இறக்குமதி இறுகிய வருடங்களில் புதுக் கார் கனவாகப் போனது. இருந்ததையே தட்டி ஒட்டி ஓட்டப் பழகிய பாஸ்மார் (மெக்கானிக்குகள்) ஒரு தலைமுறையே உருவானார்கள். பிற்பாடு, 1990களில், மைனருக்கான உடல் தகடுகளை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்றால் அந்தக் கை எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மைனர் 1000இல் கம்பனி ஒயில் கேஜ் வைத்து அனுப்பவில்லை, விளக்கு மட்டும்தான். என் காரில் இருக்கிற கேஜ் அப்பா பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடையொன்றில் பேரம் பேசி வாங்கிப் பூட்டியது. மயிர் போல மெல்லிய குழாய் வழியாக ஒயிலே நேராக வந்து முள்ளைத் தள்ளுகிற வகை. கரண்ட், சென்சர் ஒன்றும் இல்லை. இந்த எஞ்சினுக்கு, சூடான பிறகு, ஓட்டத்தில் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அளவில் நிற்க வேண்டும். சும்மா நின்று உறுமும்போது 15 இருந்தால் போதும். என்னுடையது 55, 18. வயதுக்கு நல்ல ஆரோக்கியம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த எண்கள்.

முள் விழுந்தால் ஏன் இந்தப் பதற்றம்? பிஸ்டன்கள் சுற்றிவிடுகிற கிராங்க் தண்டு, தன்னைத் தாங்கும் பெயாரிங்கைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளி இருக்கும், அதில் ஒயில் படலம். தண்டு அந்தப் படலத்தில் மிதக்கிறது. 3000 ஆர்.பி.எம். என்றால் ஒரு செக்கனுக்கு ஐம்பது சுற்று. படலம் அறுந்தால் இரும்பு, பெயாரிங்கின் மெல்லிய உலோகப் பூச்சில் நேராக உரசும். ஒரு நிமிடம் என்று சொல்கிறோமே, அதற்குள் மூவாயிரம் உரசல்.

சரி, மடத்தனத்துக்கு வருகிறேன். ஓரம் கட்டி பொனற்றைத் திறந்தேன். டிப்ஸ்டிக்கில் ஒயில் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஒழுங்காக இருந்தது. காருக்கடியில் குனிந்து பார்த்தேன், தரை காய்ந்து கிடந்தது. ஒரு ரயில் போனது, கடல் காற்று முகத்தில் உப்பைப் பூசியது, மாமி உள்ளேயிருந்து அந்தோனியாரை மறுபடி கூப்பிடத் தொடங்கினார். இருபது நிமிடம் பொறுத்து ஸ்டார்ட் பண்ணி அக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன். முள் அழகாக 50க்கு ஏறியது. “கேஜ்தான் கோளாறு பண்ணியிருக்கு” என்று மனைவியிடம் சொன்னேன். விளக்கும் சேர்ந்து பற்றியதை, வசதியாக மறந்துவிட்டேன். கேஜுக்கும் விளக்குக்கும் பொதுவாக இருப்பது ஒயில் மட்டும்தான். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பொய்யைச் சொல்வதற்கு ஒன்றையொன்று கலந்து பேசியிருக்க வேண்டும்.

ஒரு கிலோமீற்றர் போயிருப்பேன். மறுபடி விழுந்தது. இந்தத் தடவை சத்தமும் கேட்டது: வால்வுகளைத் திறக்கிற, தையல் மெஷின் போல ஓடுகிற டப்பெற், கரண்டிகளைச் சட்டிக்குள் போட்டுக் குலுக்கியது போல. நிறுத்திவிட்டேன். சந்தியில் நின்ற நாலு பெடியள் வீடுவரை தள்ளித் தந்தார்கள். மாமி ஆட்டோவில் போனார்.

அன்றிரவு எல்லாரும் வைத்தியர் ஆனார்கள். கனடாவில் இருக்கிற சித்தப்பா போனில், “பெயாரிங் அடிச்சுப்போட்டுதடா, கிராங்கை இறக்கி அரைக்கவேணும்” என்றார். பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து சத்தத்தைக்கூடக் கேட்காமல் சொன்னார். “பேசாமல் வித்துப்போட்டு ஒரு வகன் ஆர் எடுங்கோ” என்றாள் மனைவி. அடுத்த நாள் வந்து பார்த்த ஒரு கராஜ்காரர் பொனற்றைத் திறக்கும் முன்பே “ஒயில் பம்ப்” என்றார். இந்த எஞ்சினில் பம்ப் என்பது சும்மா வார்த்தை இல்லை. அது இருப்பது பின்னுக்கு, கேம் தண்டின் வால் முனையில். அதைத் தொட வேண்டுமென்றால் எஞ்சினை வெளியே எடுத்து, கிளட்ச், பிளைவீல், பின் தகடு எல்லாம் கழற்ற வேண்டும். எப்படியும் எஞ்சின் வெளியே வருகிறது, அப்போது பிஸ்டன் றிங்கையும் மாற்றிவிடலாமே, வால்வையும் பார்த்துவிடலாமே என்று பட்டியல் நீளும். அவர் சொன்ன காசுக்கு நான் மயங்கி விழாமல் நின்றது அந்தோனியார் புண்ணியம்.

கிராண்ட்பாஸில் ஒரு மெக்கானிக் நானா இருக்கிறார். எழுபது தாண்டியவர். இப்போது பெரிய வேலை எடுப்பதில்லை. மகன் ஹைபிரிட் கார்களின் பற்றரியோடு மல்லுக்கட்டுகிற கராஜின் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு இருப்பார். அப்பா காலத்தில் இந்தக் காரைப் பார்த்தவர். பிரேக்டவுன் லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினேன். அவர் எழும்பவே இல்லை. முழுக் கதையையும் சொல்ல விட்டுக் கேட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்வி: “நின்ன பொறகு, திரும்ப ஸ்டார்ட் பண்ணினா முள் எவ்வளவுக்கு வந்திச்சு?”

“ஐம்பது, நானா.”

“எஞ்சின் சூடாத்தானே இருந்திச்சு?”

“ஓம்.”

“அப்ப பம்ப் இல்ல. பம்ப் போனா போனதுதான் தம்பி. கொஞ்ச நேரம் தூங்கி எழும்பி வேலைக்கு வராது.”

எனக்கு அது ஒரு வெளிச்சம். நான் இரண்டு நாளாக முள் எவ்வளவு விழுந்தது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தது அது எப்படி எழும்பியது என்பதை. பெயாரிங் தேய்ந்தால் பிரஷர் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும், சூடானால் இன்னும் இறங்கும், இருபது நிமிட ஓய்வில் ஐம்பதுக்கு வராது. மிஞ்சிய பிரஷரை வெளியே விடுகிற ரிலீவ் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் பிரஷர் விழும், ஆனால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். எப்போதாவது தானாக விடுபடலாம், அது அபூர்வம். பம்ப்பின் பிடிப்பு முறிந்தால் பூச்சியம், அதோடு கதை முடிந்தது. ஓய்ந்து எழும்புகிற நோய் வேறு.

அதற்காக அவர் மற்றதையெல்லாம் விட்டுவிடவில்லை. இந்த இடத்தில்தான் நல்ல பாஸுக்கும் வாய்வீச்சுக்காரனுக்கும் வித்தியாசம் என்று நினைக்கிறேன்: விடை தெரிந்த மாதிரி இருந்தாலும் மலிவான சோதனையை முதலில் செய்துவிடுவார். டிப்ஸ்டிக்கை இழுத்து ஒயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார், மணந்தார். பெற்றோல் கலந்திருந்தால் ஒயில் தண்ணியாகி வாசம் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் கலந்திருந்தால் ஊற்றும் மூடியின் அடியில் பால்கோப்பி நிறத்தில் களிம்பு பிடித்திருக்கும். இரண்டும் இல்லை. அப்புறம் என் கேஜைக் கழற்றிவிட்டுத் தன்னுடைய கேஜைப் பூட்டினார். அப்பாவுடைய கேஜ் சொன்னதையே அதுவும் சொன்னது. அப்பாவின் பேரம் வீண் போகவில்லை.

பிறகு ரிலீவ் வால்வு. எஞ்சினின் பின்பக்கம் குவிந்த தலையோடு ஓர் ஆறுமூலை நட் இருக்கும். அதைக் கழற்றினால் ஒரு ஸ்பிரிங்கும், விரல் நுனி அளவு ஒரு சின்ன பிளஞ்சரும். பிரஷர் அளவு மீறினால் இந்தப் பிளஞ்சர் பின்வாங்கி ஒயிலை, எஞ்சினின் அடியில் இருக்கிற ஒயில் தொட்டியான சம்ப்புக்கே திருப்பி விடும். ஒரு தூசி அதன் இருக்கையில் மாட்டினாலே போதும், பாதி ஒயில் வேலைக்குப் போகாமல் குறுக்கு வழியில் வீடு திரும்பும். ஸ்பிரிங்கை வேர்னியரில் அளந்தார். 2⅞ அங்குலத்துக்கு மயிரளவு குறைவு, இருக்க வேண்டிய நீளம்தான். பிளஞ்சரை விரலில் உருட்டிப் பார்த்தார். கீறல் இல்லை. துடைத்துப் பூட்டினார்.

அப்போதுதான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஒயில் சூடாகும்வரை மெதுவாக ஓடவிட்டோம். முள் 18. “இப்ப கொஞ்சம் கொஞ்சமா அக்சிலேட்டரக் குடுங்க.” கொடுத்தேன். 30, 45, 50. “இன்னும்.” எஞ்சின் இரைந்தது. முள் 50இல் தயங்கி நின்றது, பிறகு இறங்கத் தொடங்கியது. நான் அழுத்த அழுத்த அது இறங்கியது. “நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!” சாவியைத் திருப்பினேன்.

இது தலைகீழ். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பம்ப்பும் வேகமாகச் சுற்றும், பிரஷர் ஏற வேண்டும். நாம் பம்ப் அழுத்தம் தருகிறது என்று பேசுகிறோம். உண்மையில் அது தருவது ஓட்டம். அந்த ஓட்டம் நெருக்கமான இடைவெளிகளுக்குள் புக முண்டும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது, பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும்போது குழாய் வாயை விரலால் பொத்தினால் பீய்ச்சுகிற மாதிரி. வேகம் கூடக் கூட அழுத்தம் குறைந்தால், ஓடுவதற்கு ஒயில் கிடைக்கவில்லை. சம்ப்பில் நிறைய இருக்கிறது, பம்ப்பின் வாய்க்குத்தான் போகவில்லை.

நானா கை துடைத்துக்கொண்டே கேட்டார்: “பலூடா குடிச்சிருக்கீங்கதானே? ஸ்ட்ரோவால மெதுவா உறிஞ்சினா வரும். பேராசப்பட்டு இழுத்தா ஜெலித் துண்டு வந்து வாய அடைக்கும். உறிஞ்சுறத உட்டா அது கீழ உழுந்திரும். திரும்பக் குடிக்கலாம்.” கொஞ்சம் நிறுத்தி, “கடைசியா இந்த எஞ்சின்ல யாரு கை வெச்சது?”

நான் தொழிலால் கணக்காளன். வரவு செலவு இடித்தால் கடைசியாக யார் எந்த வரியை எழுதினார் என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. என் சொந்தக் காருக்கு அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. மூன்று மாதத்துக்கு முன் சம்ப்பிலிருந்து ஒயில் சொட்டுகிறது என்று வேறொரு கராஜில் கொடுத்திருந்தேன். சம்ப்பைக் கழற்றி, கஸ்கெட் மாற்றி, “இனி ஒரு சொட்டும் வராது சேர்” என்று சொல்லித்தான் தந்தார்கள். சொன்ன மாதிரி ஒரு சொட்டும் வரவில்லை.

“சம்ப்ப எறக்குவம்” என்றார் நானா.

மைனரில் அது ஒரு நிம்மதி, எஞ்சினை வெளியே எடுக்காமலே சம்ப்பைக் கழற்றலாம். ஒயிலை வடித்து, சுற்றிவர உள்ள போல்ட்டுகளை நீக்கியும் சம்ப் அசையவில்லை. மரக்கட்டையை வைத்துத் தட்டவேண்டியிருந்தது. கீழே வந்தபோது விளிம்பு முழுக்க நீல சிலிக்கோன். வெளியே பிதுங்கியதை யாரோ அழகாக வழித்துத் துடைத்திருக்கிறார்கள். உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது? அது உள்விளிம்பில் கயிறு போலத் திரண்டு, சூட்டு ஒயிலில் மூன்று மாதம் ஊறி, ஒவ்வொரு துண்டாக அறுந்திருக்கிறது.

பெற்றோலியக் கறுப்புக்கு நடுவில் அந்த நீலம் என் கண்ணிலேயே நிற்கிறது. சம்ப்பின் அடியில் கிழிந்த பலூன் துண்டுகள் மாதிரி ஏழெட்டு. நுள்ளி எடுத்தால் இழுபட்டது, விட்டால் சுருண்டது. பம்ப்பின் வாயில் இருக்கிற வடிகட்டியான ஸ்ட்ரெயினரின் வலையைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தார். பாதிக் கண்களில் நீலப் பொடி, ஓரிடத்தில் சின்ன விரல் நகம் அளவு ஒரு தோல், வலையின் கட்டம் கட்டமான அச்சு பதிய ஒட்டிப் பிடித்திருந்தது. அதன் மேல் இன்னொன்று வந்து படுத்தால் வாய் மூடிவிடும். எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் நிற்கும், துண்டு விழுந்துவிடும். இருபது நிமிட அதிசயம் அவ்வளவுதான்.

அந்தக் கராஜ்காரரை முழுவதும் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. இந்த எஞ்சினின் சம்ப்புக்கு இரண்டு பக்கமும் கஸ்கெட், முன்னும் பின்னும் மெயின் பெயாரிங் மூடிகளின் கீழே கோர்க் பட்டி. கோர்க் ஒழுகாமல் பூட்டுவது பொறுமையான வேலை. சிலிக்கோன் ரியூப் ஒன்றைப் பிதுக்குவது ஐந்து நிமிட வேலை. வாடிக்கையாளன் திரும்பி வந்து “சொட்டுது” என்று கத்தக்கூடாது என்கிற பயத்தில் மனுஷன் ரியூப்பை முழுக்கப் பிதுக்கியிருக்கிறார். கத்தியிருக்கக்கூடிய ஆள் நானேதான். ஆனாலும் ஒரு கோபம் உண்டு: உள்ளே போவது கண்ணுக்குத் தெரியாது என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்த கேள்விதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த ஒரு கிலோமீற்றர். சம்ப் திறந்திருக்கும்போதே நானா இரண்டாம் சிலிண்டரின் பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கிற பிக் எண்ட் மூடியைக் கழற்றினார். நான் பார்க்கவில்லை, வெளியே போய்விட்டேன். “வாங்க தம்பி, பயப்படாதீங்க.” உள்ளே இருந்த பெயாரிங் ஷெல் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. நீளவாட்டில் இரண்டு மூன்று மெல்லிய கோடுகள், நகத்தால் தடவினால் மட்டுமே தெரியக்கூடியவை. மேல் பூச்சு தேய்ந்திருந்தால் அடியிலிருந்து செம்பு நிறம் எட்டிப் பார்க்கும். செம்பு தெரியவில்லை. இந்த எஞ்சினுக்கு மெயின் பெயாரிங் மூன்றே மூன்று, நடுவிலுள்ளதையும் திறந்து பார்த்தார். அதுவும் தப்பியிருந்தது. “ரெண்டாவது தரம் சத்தம் கேட்டதும் நிப்பாட்டினீங்களே, அதுதான். முதல் தரமே இங்க கொண்டு வந்திருந்தா இன்னும் நல்லம்” என்றார், முகத்தைப் பார்க்காமல்.

பூட்டும் வேலை ஒரு நாள். ஸ்ட்ரெயினரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு பிரஷால் தேய்த்தார். துணியால் துடைக்க விடவில்லை, நூல் வலையில் மாட்டும் என்று. புதிய கோர்க் பட்டியை இரவு முழுக்க ஒயிலில் ஊறவைத்தார். சிலிக்கோன் அவரும் பூசினார், கோர்க்கும் கஸ்கெட்டும் சந்திக்கிற நாலு மூலையில் மட்டும், தீக்குச்சியின் நுனியால் தொட்டு. பில்டர் புதிது, அதன் கிண்ணத்துக்குரிய றப்பர் வளையமும் புதிது. பழைய வளையத்தைக் குழியிலிருந்து தோண்டி எடுத்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் புதியதை வைத்தார். பழையது கிடக்க அதன் மேலே புதியதை வைத்துவிட்டு, அடுத்த சந்தியில் முழு ஒயிலையும் றோட்டில் கொட்டின கதை எத்தனையோ பேரிடம் இருக்கிறதாம். 20டபிள்யூ-50 ஒயில் ஊற்றினோம், இந்த வெயிலுக்கும் இந்த வயதுக்கும் அதுதான்.

உடனே ஸ்டார்ட் பண்ண விடவில்லை. நாலு பிளக்கையும் கழற்றி, அமுக்கம் இல்லாமல், ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றச் சொன்னார். பம்ப் முதலில் தன் வாயை நனைத்துக்கொள்ள வேண்டும். பத்து எண்ணினேன். முள் அசையவில்லை. மகன் பற்றரி வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். கொஞ்சம் ஆற விட்டு மறுபடி. ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணும்போது முள் இருமுகிற மாதிரி ஒருதரம் துள்ளி, 20க்கு ஏறி நின்றது. நானா “ம்” என்றார். பிளக் பூட்டி ஸ்டார்ட் பண்ணியபோது 60. சூடான பிறகு 55, 18. அழுத்தினால் ஏறியது, விட்டால் இறங்கியது.

எல்லாமாக, பம்ப் வேலைக்கு அந்த முதல் ஆள் கேட்டதில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. சித்தப்பாவுக்குப் போனில் சொன்னேன். “நானும் அதைத்தான் யோசிச்சனான்” என்றார்.

ஐந்நூறு மைல் ஓடியதும் பில்டரை மட்டும் கழற்றி வரச் சொல்லியிருந்தார். போன கிழமை கொண்டுபோனேன். தாள் மடிப்புகளைக் கத்தியால் வெட்டி விரித்து, வெயிலில் பிடித்துப் பார்த்தோம். கடுகளவில் இரண்டு நீலப் புள்ளிகள். இன்னும் ஐந்நூறு மைலில் மறுபடி பார்க்கச் சொன்னார்.

கோர்க் பட்டி பின்பக்கத்தில் மெல்லக் கசிகிறது. காலையில் காரை எடுத்தால் தரையில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு ஒரு வட்டம். மனைவி கண்டுவிட்டாள், “இதுக்குத்தானே முதல்முதல் குடுத்தனீங்கள்?” என்று கேட்டாள். ஒரு பிஸ்கட் அட்டைப் பெட்டியைப் பிரித்துக் கீழே விரித்து வைத்திருக்கிறேன்.